சிவப்பு ஆணி

விசில்காரர் பெண்டாட்டிக்கு நகை ஆசை கிடையாது, துணிமணி ஆசை கிடையாது, நாலு இடம் சுற்றிப் பார்க்கிற ஆசையும் கிடையாது. ஜன்னல் வழியாக வெயில் வந்து கால்மாட்டில் உறைக்கிறவரைக்கும், ஒருநாளாவது போர்வைக்குள் கிடக்க வேண்டும். அவ்வளவுதான். கல்யாணமான புதிதில் அதை அவரிடம் சொல்லியும் இருக்கிறாள்.

"செத்தா தூங்கிக்கலாம்டி. அப்ப யாரும் எழுப்ப மாட்டாங்க" என்றார் அவர்.

வேடிக்கையாகச் சொல்கிறார் என்று நினைத்து அவளும் சிரித்து வைத்தாள். அந்த மனிதருக்கு வேடிக்கை பேசத் தெரியாது என்பது அவளுக்குப் பிறகுதான் தெரிந்தது.

அவர் பம்பு உதிரிபாகம் செய்கிற ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். மெஷினைத் தொட்டு அவர் செய்த வேலை கொஞ்சம். கேட்டில் நின்று செய்த வேலைதான் அதிகம். கேட்டுக்கு உள்ளே ஒரு பெரிய மரப்பலகை இருந்தது. அதில் இரண்டு வரிசை ஆணி. மேல் வரிசைக்குப் பச்சை பெயின்ட், கீழ் வரிசைக்குச் சிவப்பு. ஒவ்வொரு தொழிலாளிக்கும் நம்பர் அடித்த ஒரு பித்தளை டோக்கன். விசில் ஊதுவதற்குள் வந்தவன் டோக்கனைப் பச்சை ஆணியில் மாட்டிவிட்டு நிமிர்ந்து நடப்பான். ஊதிய பிறகு வந்தவன் சிவப்பில் மாட்டிவிட்டு, எல்லோரும் பார்க்க, மெஷின்களுக்கு அடியில் விழுந்து கிடக்கிற இரும்புச் சுருளை அள்ள வேண்டும். கையுறை இல்லாமல்.

விசிலை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே வருகிற ஒவ்வொரு முகத்தையும் அவர் பார்ப்பார். கண்ணைப் பார்த்தே யார் ராத்திரி தூங்கினான், யார் தூங்கவில்லை என்று சொல்லிவிடுவார். "நேத்து ராத்திரி பெண்டாட்டியோட சண்டையா?" என்று கேட்டால், கேட்கப்பட்டவன் தலையைக் குனிந்துகொண்டு போவான். அந்த விஷயத்தில் அவர் சொல் ஒருநாளும் தப்பியதில்லை என்பதை அவரை வெறுத்தவர்களும் ஒத்துக்கொண்டார்கள். வெறுக்காதவர் என்று அங்கே யாரும் இல்லை.

அவர் ஓய்வு பெறுகிற சமயத்தில் கேட்டில் கைரேகை மெஷின் வந்துவிட்டது. பலகையைக் கழற்றிக் குப்பையோரம் சாத்தியிருந்தார்கள். ஓய்வு பெறுகிறவர்களுக்குச் சுவர்க்கடிகாரம் தருவது அங்கே வழக்கம். கடிகாரம் வேண்டாம், பலகையையும் விசிலையும் கொடுங்கள் என்று இவர் கேட்டார். கொடுத்தார்கள். "பாம்பாவது போறப்ப சட்டையை உரிச்சுப் போட்டுட்டுப் போகும். இந்தாளு சட்டையையும் சுருட்டி எடுத்துட்டுப் போறான்யா" என்று லேத்துக்காரர் ஒருவர் சொன்னது அவர் காதிலும் விழுந்தது.

அன்றைய பிரிவு விழாவில் நிர்வாகம் ஒரு டாக்டரைப் பேச வைத்திருந்தது. உடம்பு நன்றாக இருக்கவும், நாள் முழுக்கத் தெம்பாக இருக்கவும் காலையில் செய்யவேண்டிய எளிய பழக்கங்கள் என்று பேச்சு. சின்ன வயசு டாக்டர், சிரித்த முகம். சீக்கிரம் எழுந்திருங்கள், வெறும் வயிற்றில் வெந்நீர் குடியுங்கள், கை காலை நீட்டி மடக்குங்கள், நாலு படி ஏறி இறங்குங்கள், கொஞ்சம் வெயில் படட்டும், மனசைச் சந்தோஷமாக வைத்துக்கொள்ளுங்கள் என்றார். ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் "முடிந்தவரை" என்றார். எல்லோரும் பன்னைத் தின்றுகொண்டு கொட்டாவி விட்டார்கள். விசில்காரர் மட்டும் மேலிடத்து உத்தரவைக் கேட்கிற மாதிரி கேட்டார். அந்த 'முடிந்தவரை' மட்டும் அவர் காதில் ஏறவில்லை.

மறுநாள் விடியுமுன்னே ஹாலில் ஆணி அடிக்கிற சத்தம். சமையலறைக்கு எதிர்ச்சுவரில் பலகை ஏறியிருந்தது. வீட்டில் நாலு பேர். அவர், அவள், மகன், மருமகள். நாலு டோக்கன். அவளுக்குக் கொடுத்த டோக்கனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது யாரோடது?" என்று கேட்டாள்.

"பிரஸ் மெஷின்ல ஒருத்தன் இருந்தான். ரெண்டு விரல் போச்சு. தூக்கக் கலக்கம். உனக்குப் பாடமா இருக்கட்டும்னுதான் அதை எடுத்து வெச்சேன்."

சட்டம் எளிமையானது. ஐந்து மணிக்கு விசில். விசிலுக்குள் எழுந்து டோக்கனைப் பச்சையில் மாட்ட வேண்டும். அப்புறம் இரண்டு டம்ளர் வெந்நீர், மொட்டைமாடியில் கை கால் பயிற்சி, பச்சைத்தண்ணீர்க் குளியல், கடைசியாகக் காபி. சிவப்பில் மாட்டினவருக்கு ஓவர்டைம். அதாவது, அந்த மூன்றாம் மாடி வீட்டிலிருந்து தெருவாசல் வரை இறங்கி, அங்கிருந்து மொட்டைமாடி வரை ஏற வேண்டும். அதை முடிக்காமல் காபி கிடையாது. எல்லாம் முடிந்ததும் ஒவ்வொருவர் முன்னாலும் வந்து நின்று, "தெம்பா இருக்கா?" என்று கேட்பார். "தெம்பா இருக்கு" என்று பதில் சொல்ல வேண்டும். சொல்கிறவரைக்கும் நகரமாட்டார்.

மருமகள் போனில் வாடிக்கையாளர் புகார் கேட்கிற கம்பெனியில் மாலை ஷிப்ட் பார்க்கிறவள். வீடு வந்து படுக்கவே நடுநிசி தாண்டிவிடும்.

"மாமா, நான் படுத்து நாலு மணி நேரம்கூட ஆகல."

"சீக்கிரம் படுக்கணும்."

"வேலையே அப்பதான மாமா முடியுது?"

"வேலையை மாத்திக்கோ."

மகன் இடையில் புகுந்து, "ரெண்டு நாள் பல்லைக் கடிச்சுக்கோயேன், பழகிடும்" என்றான்.

"நான் இந்த வீட்டுக்கு மருமகளா வந்தேனா, டெம்பரரி லேபரா வந்தேனா? அதை மட்டும் சொல்லுங்க" என்றாள் அவள்.

மழைக்காலம் முடிவதற்குள் அவர்கள் தனி வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டார்கள். போகிற அன்று மருமகள் தன் டோக்கனை எடுத்து, வேண்டுமென்றே சிவப்பு ஆணியில் மாட்டினாள். பிறகு மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்களும் வந்துடுங்க அத்தை. எங்க வீட்ல ஞாயித்துக்கிழமை மத்தியானம்தான் விடியும்" என்றாள்.

மாமியாருக்கு அது சொர்க்கத்தைப் பற்றிய செய்தி போல இருந்தது. ஆனால் பின்னாலிருந்து குரல் வந்தது: "உங்கத்தை வந்துட்டா இங்க டோக்கனை யாரு மாட்டுறது?"

"தையல் மெஷினைத் தூக்கிட்டு மூணு மாடி இறங்க முடியுமாம்மா?" என்று மட்டும் சொன்னாள். ஒரு கடைக்கு ஜன்னல் திரை தைத்துக் கொடுக்கிற வேலை அவளுக்கு. அது ஒரு காரணமா என்று அவளுக்கே தெரியவில்லை. காலில் கட்டிய கயிறு அறுந்த பிறகும் கட்டின இடத்தையே சுற்றுகிற மாடு இல்லையா, அந்த மாதிரி.

அதற்குப் பிறகு விசில் முழுக்க முழுக்க அவளுக்காகவே ஊதியது. காய்ச்சலில் கிடந்தபோதும் ஊதியது. "வேர்த்தா ஜுரம் விட்டுடும், ஏறு" என்றார். அவளுடைய தங்கை செத்து, அடக்கம் முடிந்து, அழுது ஓய்ந்து வந்து படுத்தாளே, அந்த விடியற்காலையிலும் ஊதியது.

"இன்னிக்கு ஒருநாளுங்க. என் கூடப்பொறந்தவ போயிருக்கா."

"துக்கத்துக்கும் தூக்கத்துக்கும் என்னடி சம்பந்தம்? படுத்துக் கிடந்தா அவ எழுந்து வந்துடுவாளா? எழுந்திரு."

அன்றைக்கு அவள் சிவப்பு ஆணி. மூக்கைச் சிந்திக்கொண்டே கீழே இறங்கி மேலே ஏறினாள். அவர் மொட்டைமாடியில் வந்து நின்று, "தெம்பா இருக்கா?" என்றார். இருக்கிறது என்றாள்.

ஒருநாள் திரைக்கு ஓரம் அடிக்கும்போதே கண் செருகி, ஊசி நகத்தோடு சேர்த்து விரலில் இறங்கிவிட்டது. ரத்தத்தைப் பார்த்துவிட்டு, "அந்த டோக்கன் நம்பருக்கே இந்த ராசிதான் போல" என்று சொல்லிக்கொண்டே கட்டுப் போட்டார். கட்டு நன்றாகத்தான் போட்டார். அதையும் சொல்ல வேண்டும்.

அவளைப் பற்றி அவருக்குப் பெருமை வேறு. எதிர்வீட்டில் ஓய்வு பெற்ற நர்ஸ் ஒருத்தி இருந்தாள். துணி காயப்போட மாடிக்கு வந்தவளிடம், "பாருங்க சிஸ்டர், இந்த வயசுல ஒரு மாத்திரை கிடையாது இவளுக்கு. எல்லாம் காலைப் பழக்கம்" என்றார்.

"கண்ணுக்குக் கீழ ரெண்டு பை தொங்குதே சார். மாத்திரையை எல்லாம் அதுலதான் போட்டு வெச்சிருக்காங்களோ என்னவோ" என்றாள் நர்ஸ். அவர் சிரிக்கவில்லை. பெண்டாட்டி சிரித்தாள். உடனே நிறுத்திக்கொண்டாள்.

இப்படியே போயிருக்கும். ஒருநாள் காலை விசில் ஊதவில்லை.

அவள் கண் விழித்துவிட்டாள். இருட்டில் படுத்தபடியே விசிலுக்குக் காத்திருந்தாள். வரவில்லை. எழுந்து போய் டோக்கனைப் பச்சையில் மாட்டிவிட்டுத் திரும்பியவள், அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். யாரோ மடியில் மறந்து வைத்துவிட்டுப் போன சாமானைப் பார்ப்பதுபோல் தன் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க?"

"மரத்துப் போச்சு. படுத்த வாக்குல இருக்கும்."

சொல் கொஞ்சம் தடித்து வந்தது, வாயில் ரொட்டியை அடக்கிக்கொண்டு பேசுகிற மாதிரி. எழுந்து ஹாலுக்கு வந்து டோக்கனை எடுத்தார். கீழே விழுந்தது. குனிந்து எடுத்தார். மறுபடியும் விழுந்தது. மூன்றாவது தடவை இடது கையால் எடுத்து, பச்சை ஆணிப் பக்கம் கொண்டுபோனார்.

"அது இல்லீங்க. சிவப்பு."

அவள் சொல்ல நினைத்துச் சொன்னதில்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது. சொன்னபிறகு, அடி விழுமோ என்று ஒரு கணம் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். அவர் திரும்பிச் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார். மணி ஐந்து தாண்டியிருந்தது. பிறகு அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. இத்தனை வருஷம் சொல்லிக்கொடுத்தது வீண்போகவில்லை என்கிற மாதிரி ஒரு திருப்தி இருந்தது. டோக்கனைச் சிவப்பில் மாட்டினார்.

"ஓவர்டைம்" என்றாள் அவள். இப்போது நினைத்துத்தான் சொன்னாள். "எல்லாருக்கும் ஒரே சட்டம்னு நீங்கதான சொல்வீங்க."

அவர் சிரித்தார். வாயின் ஒரு பக்கம்தான் சிரித்தது. மறுபக்கம் அப்படியே கிடந்தது.

அவள் அதைப் பார்த்தாள். நன்றாகவே பார்த்தாள். இரண்டு திரைக்கு நடுவே நூலிழை ஏற்றத்தாழ்வு இருந்தாலும் கண்டுபிடித்துப் பிரித்துத் தைக்கிறவள். ஒரு வாய் கோணுவது அவள் கண்ணுக்குத் தப்புமா? எதிர்க்கதவைத் தட்டினால் நர்ஸ். நாலு எட்டு.

"போய்ட்டு வாங்க. காபி போட்டு வைக்கிறேன்" என்றாள்.

அவர் போனார். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அவள் காதுகொடுத்துக் கேட்டாள். ஒரு காலடி, ஓர் இழுப்பு. ஒரு காலடி, ஓர் இழுப்பு. அடுப்பில் பாலை வைத்தாள். இழுப்பு நின்றது. பிறகு மூட்டை உருளுகிற சத்தம். பால் பொங்குகிற சமயம். அடுப்பை அணைத்துவிட்டுத்தான் அவள் படியிறங்கினாள்.

ஆஸ்பத்திரிக்கு நர்ஸும் கூட வந்தாள். டியூட்டி டாக்டர் கேட்ட முதல் கேள்வியே அதுதான்: "எப்ப ஆரம்பிச்சுதும்மா? எழுந்திரிக்கிறப்ப கை, பேச்சு எல்லாம் சரியா இருந்துதா?"

ஸ்ட்ரெச்சரில் கிடந்தவரின் இரண்டு கண்ணும் அவள்மேல் இருந்தன.

"நல்லாத்தான் எழுந்தாரு. நல்லாத்தான் பேசினாரு. படியிறங்குறப்பதான் விழுந்துட்டாரு."

ஸ்ட்ரெச்சரிலிருந்து 'ஃபூ' என்று ஒரு காற்று வந்தது. பேச்சு போனபிறகு அவரிடம் மிச்சமிருந்தது அந்தக் காற்று ஒன்றுதான். பாவம், வலிக்கிறது போலிருக்கிறது என்றாள் நர்ஸ்.

வலது பக்கம் முழுக்கப் போயிற்று. வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று மகன் போனில், "ஆள் வெச்சுக்கலாமாம்மா?" என்று கேட்டான். வேண்டாம் என்றாள். மருமகள் போனைப் பிடுங்கி, "இனிமேலாவது நல்லா தூங்குங்க அத்தை" என்றாள். ஆகட்டும்மா என்றாள்.

கட்டிலை ஹாலில் போட்டாள், பலகைக்கு நேர் எதிரே.

"உள்ரூம்ல ஜன்னலோரம் போடலாமேக்கா? வெயில் படும்" என்றாள் நர்ஸ்.

"அங்க நான் படுத்துக்கறேன் சிஸ்டர். அவருக்கு அந்தப் பலகையைப் பாத்துட்டு இருந்தாத்தான் பொழுது போகும்."

அவர் டோக்கன் சிவப்பு ஆணியிலேயே தொங்கிற்று. அவள் அதை எடுக்கவில்லை. விசிலையும் அதே ஆணியில் கோத்து மாட்டினாள்.

"இனிமே நீங்கதான்கா விசில்" என்று நர்ஸ் கிண்டலாகச் சொன்னாள். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "விடிஞ்சதும் முதல் வேலையா ஈரத்துணியை மாத்திடுங்க. வாயில ரெண்டு மடக்குத் தண்ணி விடுங்க. ஈரத்துலயே விட்டுட்டீங்கன்னா முதுகு பழுத்துடும்" என்றாள்.

"தெரியும் சிஸ்டர்."

முதுகு பழுத்தது. சில வாரம் கழித்து நர்ஸ் அவரைப் புரட்டிப் பார்த்தாள்.

"காலையில எப்ப எழுந்திரிக்கிறீங்கக்கா?"

"வெயில் வந்தப்புறம்தான் சிஸ்டர். கால்ல வந்து உறைக்கும், அப்புறம்தான் எழுந்திரிப்பேன்."

"அதுவரைக்கும் நல்லா தூக்கம் வருதா?"

"பிரமாதமா."

நர்ஸ் அவள் கண்ணுக்குக் கீழே பார்த்தாள். பை இன்னும் கொஞ்சம் இறங்கியிருந்தது. மருந்தைத் தடவிவிட்டுப் போய்விட்டாள்.

நடந்தது வேறு. வீட்டுக்கு வந்த முதல் நாளே, ஜன்னலோரம் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, கல்யாணமான நாளிலிருந்து சேர்த்து வைத்த தூக்கத்தை எல்லாம் ஒரேயடியாகத் தூங்கிவிடுவது என்றுதான் படுத்தாள். கண் பட்டென்று திறந்துகொண்டது. இருட்டு. விசில் இல்லை, யாரும் தொடவில்லை. மணி ஐந்து என்பது கடிகாரத்தைப் பார்க்காமலே தெரிந்தது. கண்ணை இறுக்க மூடினாள். உள்ளே தூக்கம் இருந்தால்தானே? புரண்டு படுத்தாள். குப்புறப் படுத்தாள். கழுவிக் கவிழ்த்த பாத்திரம் மாதிரி உடம்பு சுத்தமாக விழித்துக் கிடந்தது.

ஹாலில் கட்டில் கிறீச்சிட்டது. அவரும் விழித்துவிட்டார். விழிக்காமல் இருப்பாரா? தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். இது கேட்டில் பழகின பழக்கம். அவருக்கு ஈரமாகியிருக்கும், நாக்கு வறண்டிருக்கும் என்று தெரிந்தது. 'ஃபூ' என்றது காற்று. சற்று நின்று மறுபடியும் 'ஃபூ'. விசில் இல்லாமல் விசில் ஊதிக்கொண்டிருந்தார்.

எழுந்தால் எழுந்ததுதான். நாளைக்கும் எழ வேண்டும், அதற்கு மறுநாளும். போர்வையைத் தலைக்கு மேலே இழுத்து விட்டுக்கொண்டாள். போர்வைக்குள்ளும் அது கேட்டது. எழ மாட்டேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். வெயில் வர இன்னும் எவ்வளவோ நேரம் இருந்தது.

அன்றிலிருந்து தினமும் அப்படித்தான். இந்த அறையில் ஒருத்தி கண்ணை மூடிக்கொண்டு விழித்திருந்தாள். அந்த அறையில் ஒருவர் கண்ணைத் திறந்துகொண்டு விழித்திருந்தார்.

நர்ஸ் முதுகைப் பார்த்துவிட்டுப் போன மறுநாளும் வெயில் கால்மாட்டுக்கு வந்து, நன்றாக உறைத்த பிறகுதான் எழுந்தாள். சோம்பல் முறித்தாள். வராத கொட்டாவியை வரவழைத்துச் சத்தமாக விட்டுக்கொண்டே ஹாலுக்கு வந்தாள். ஈர நாற்றம். கட்டில் தலைமாட்டில், அவர் முன்பெல்லாம் நின்ற மாதிரியே கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள்.

"தெம்பா இருக்கா?"

அவர் முகத்தைத் திருப்பி அவள் கண்ணைப் பார்த்தார். கேட்டில் நின்று பார்க்கிற பார்வை. ஒவ்வொரு முகமாக உள்ளே விட்ட பார்வை. அவசரமே இல்லாமல் இடது கண், வலது கண், அதன் கீழே தொங்குகிற பை என்று பார்த்தார். ஒருநாளும் தப்பாத பார்வை அன்றைக்கும் தப்பவில்லை.

வாயின் நல்ல பக்கம் மெல்ல மேலே ஏறியது.

அவள் கையைப் பின்னாலிருந்து எடுத்தாள். உள்ளே போய், வெந்நீருக்கு அடுப்பைப் பற்றவைத்தாள்.